சின்னப் பெட்டி நகர்ந்துகொண்டே வந்தது

"இப்ப?"

"இப்பவும் அதேதாங்க."

"நல்லா கேளு யசோ. இப்ப?"

கூடத்தின் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் நான். என்னைச் சுற்றிக் காவித் தரை முழுக்க சாக்பீஸ் கோடுகள், தையற்காரர் துணியில் போட்ட மாதிரி. சுவரோரத்தில் என் கணவர் முனிரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் தோள் உயரத்துக்கு இருந்த ஒரு மரப்பெட்டியை முதுகு கொடுத்துத் தள்ளுவார். பெட்டி அரை அங்குலம் நகரும். உடனே திரும்பி "இப்ப?" என்பார்.

பெட்டிக்குள்ளிருந்து தவில் அதிர்ந்துகொண்டிருந்தது. சமையற்கட்டில் பருப்பு தீய்ந்துகொண்டிருந்தது. இந்த இரண்டில் எனக்கு எது கவலையாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணமாகி ஐந்தாவது மாதம் அது. ஓசூரில் குடித்தனம் வைத்த கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். அந்த வீட்டுக்கு எனக்கு முன்னாலேயே வந்து கூடத்தில் பாதியைப் பிடித்துக்கொண்ட ஆள் ஒருவர் உண்டு என்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று. அவர்தான் இந்த ஸ்பீக்கர்.

உள்ளே என்ன?

பெங்களூர் கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரர் ஒருவர் சொந்த ஊருக்குக் கப்பலேறும் முன் வீட்டுச் சாமான்களை விற்றார். நாற்காலி, மேஜை, நாய்க்குட்டி என்று ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். என் கணவர் வாங்கியது ஒரு ரெக்கார்ட் பிளேயர், வால்வு போட்ட ஆம்ப்ளிபயர், இரண்டு ஸ்பீக்கர். பெரிய பெட்டியில் இருந்த ஸ்பீக்கர் தாம்பாளம் அகலம். அது தவில், மிருதங்கம் மாதிரி கனமான சத்தத்துக்கு. சின்னப் பெட்டியில் இருந்தது ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த குட்டிக் குழல். ஜால்ரா, சலங்கை மாதிரி மெல்லிய சத்தமெல்லாம் அதிலிருந்து வரும். இரண்டையும் தனித்தனியாக எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். நடுவில் ஒரு ஒயர்தான்.

அதையெல்லாம் லாரியில் போட்டுக்கொண்டு வந்தவரை எல்லையில் செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்கள். நம் பக்கம் மதுவிலக்கு இருந்த காலம். மைசூர் பக்கத்திலிருந்து வைக்கோல் வண்டி வந்தாலும் குச்சி விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். ஆள் உயரப் பெட்டி, முன்னால் துணி மூடி, கீழே ஒரு பெரிய ஓட்டையுடன் வந்தால் சும்மா விடுவார்களா?

"உள்ள இன்னாய்யா இருக்குது?" என்று கேட்டாராம் போலீஸ்காரர்.

"ஒண்ணும் இல்லைங்க. காத்துதான்."

"காத்தை எதுக்குய்யா லாரி வச்சு எடுத்துகினு வர்ற?"

ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவியிருக்கிறார். உள்ளே ஒட்டியிருந்த கம்பளித் துணி கையில் மெத்தென்று பட, ஏதோ பிராணி என்று அலறிக் கையை இழுத்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு லாரியை உடனே விட்டுவிட்டார்கள். இந்தக் கதையை என் கணவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தப் போலீஸ்காரரின் அலறல் கொஞ்சம் நீளும்.

ராகி மூட்டை

வீட்டுக்காரர் திம்மராயப்பா. பேரிகை கிராமத்துப் பக்கம் நிலம் நீச்சு உள்ளவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும். வாடகைக்கு விடும்போதே, "ரூமெல்லாம் உங்களுது. கூடத்துல அந்தப் பக்கம் மட்டும் நம்ம மூட்டை இருக்கும்" என்று சொல்லிவிட்டார். ஒரு சுவர் முழுக்க ராகி மூட்டை கூரையைத் தொட அடுக்கியிருந்தது.

என் கணவருக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. சங்கீதம் கேட்கிற அறையில் மூட்டையா? கெஞ்சிக் கூத்தாடி, திம்மராயப்பா ஆள் வைத்து மூட்டைகளைப் பின்கட்டுக்கு மாற்றினார். கூடம் பளிச்சென்று ஆயிற்று. ரெக்கார்டைப் போட்டால், நாகஸ்வரம் கிணற்றுக்குள் விழுந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு சத்தம் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வருவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். எல்லாம் சேர்ந்து ஒரே கூழ்.

"மூட்டை இருந்தப்ப நல்லா இருந்ததுங்க" என்றேன்.

"மூட்டைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியாது. ஆனா இருந்தப்ப நல்லா இருந்தது."

மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் திம்மராயப்பாவிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மூட்டைகள் திரும்பி வந்தன. அவற்றைச் சுமந்த ஆட்கள் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அன்று தவில் தவிலாகவே கேட்டது. திம்மராயப்பா வாசலில் நின்றபடி கேட்டுவிட்டு, "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சித் தலையாட்டினார். பிறகு, "ராகி வித்துட்டா என்ன செய்வ ரத்தினம்?" என்று கேட்டாரே ஒரு கேள்வி! என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

பாத்திரக் கடைக் காது

எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பாவுக்குக் கிருஷ்ணகிரியில் பாத்திரக் கடை. மத்தியானம் அவர் கண் அயரும்போது கல்லாவில் நான் உட்காருவேன். குடமோ அண்டாவோ வந்து இறங்கினால் விரல் முட்டியால் ஒரு தட்டு. நல்ல குடம் "ணங்" என்று சொல்லி நிறுத்தி நிதானமாக அடங்கும். மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், அந்த "ங்" பாதியில் செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும். சங்கீதம் நான் கற்றதில்லை. என் காதின் படிப்பெல்லாம் இவ்வளவுதான்.

அதனால்தான் சின்னப் பெட்டி என்னைப் பாடாய்ப் படுத்தியது.

முதலில் அது பெரிய பெட்டியின் தலைமேல் இருந்தது. அங்கே அது அழகாக இருந்தது. தவில் கீழே, ஜால்ரா மேலே. கண்ணை மூடினால் மேளக்காரர்கள் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் இவருக்குத் திருப்தி இல்லை. "தெளிவு பத்தலை" என்று சின்னப் பெட்டியை இறக்கி ஒரு ஸ்டூலில் வைத்தார். மறுவாரம் ஸ்டூல் இரண்டு அடி முன்னால் வந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு அடி. சாக்பீஸ் கோடு போட்டுப் போட்டு, முழம் முழமாக, அவருடைய நாற்காலியை நோக்கி அந்தப் பெட்டி ஊர்ந்து வந்தது. தையும் மாசியும் போய்ப் பங்குனி பிறந்தபோது அது அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. உட்கார்ந்தபடியே கைநீட்டித் தொடலாம்.

எனக்கோ அந்த ஜால்ரா ஒவ்வொரு தட்டுக்கும் நெற்றியில் ஊசி ஏற்றியது. ஒருநாள் தாங்காமல், "இது சரியில்லீங்க. மேலயே வச்சிடுங்க" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்? பாத்திரக் கடையில வளர்ந்த காதுக்கு ஓட்டைப் பாத்திரம்தான் தெரியும்."

அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. சொன்ன உடனே அவர் முகமே சுருங்கிப்போயிற்று. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. இரண்டு நாளும் மூன்று வேளையும் களி கிண்டிப் போட்டேன். அவரும் மூச்சு விடாமல் சாப்பிட்டார்.

அந்த இரண்டு நாளில் என் மனதில் ஓடியதையும் எழுதிவிடுகிறேன், எழுபது வயதுக்கு மேல் என்ன வெட்கம். இந்த மனிதருக்கு என்மேல் பிரியமே இல்லையோ என்று நினைத்தேன். காப்பி கொண்டுபோய்ப் பின்னால் நிற்பேன். கை நிறையக் கண்ணாடி வளையல், காலில் கொலுசு. புதுப் பெண்டாட்டி வருகிற சத்தத்துக்கு எந்த ஆணும் திரும்பிப் பார்ப்பான். இவரோ, நான் டம்ளரை மேஜையில் வைக்கும்வரை தலை தூக்கமாட்டார். ஐந்து மாதமாக அப்படித்தான்.

மலைப்படியில்

மூன்றாம் நாள் ஞாயிறு. சமாதானத்துக்காக, "வா, மலைக்கோயிலுக்குப் போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டார். காலை வெயில் ஏறுவதற்குள் படியேற ஆரம்பித்தோம். பங்குனி மாதம். இரண்டு பக்கமும் மரங்களில் சில்வண்டு கத்தித் தீர்த்தது. பாதி வழியில் நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பப்பா, என்ன சத்தம்!"

"என்ன சத்தம்?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. பெங்களூர் ரோட்டில் ஏதாவது லாரி போகிறதா என்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன தோன்றிற்றோ, எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய்க் கையை உதறினேன். வளையல்கள் கலகலவென்று குலுங்கின. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காதுப் பக்கம் ஒரு தடவை, அந்தக் காதுப் பக்கம் ஒரு தடவை உதறிப் பார்த்தேன். திரும்பவில்லை.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்க, இந்த மரமெல்லாம் கத்துதே, உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் மரத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"ரொம்ப நேரமா கத்துதா?"

"நாம ஏற ஆரம்பிச்சதுலருந்து."

அவரும் படியில் உட்கார்ந்தார். பிறகு, செக்போஸ்ட் கதை சொல்லும் குரலிலேயே ஆரம்பித்தார். பாதியில் குரல் மாறிவிட்டது.

"ஹோட்டல் ரேடியோ கேட்டேன், மங்கலா இருந்தது. கோயில் மைக்செட் கேட்டேன், அதுவும் மங்கல். சின்ன வயசுல ஜால்ரா சத்தம் காதுல அப்படியே கிணுகிணுன்னு நிக்கும் யசோ. அது எங்கயோ போயிடுச்சு. இந்த ஊரு ரேடியோ எல்லாம் மட்டமுன்னு நினைச்சுகினு இருந்தேன். நல்ல ஸ்பீக்கரா வாங்கினா திரும்பக் கேக்கும்னுதான் அதை வாங்கினேன். அதுலயும் கேக்கலை. வைக்கிற இடம் சரியில்லையோன்னு..."

எனக்கு அந்தச் சின்னப் பெட்டி முழம் முழமாக நகர்ந்து வந்தது ஒவ்வொரு கோடாக ஞாபகம் வந்தது. தவிலும் என் பேச்சும் கேட்கிற அந்தக் காதுக்கு மெல்லிய சத்தம் மட்டும் எட்டாமல் போயிருந்தது.

விசில்

அவர் வேலை என்ன என்று இன்னும் சொல்லவில்லை அல்லவா? சூளகிரிக்குப் போகிற வழியில், ரோடு போடுகிற காண்ட்ராக்டர் ஒருவரின் கல்குவாரியில் சூபர்வைசர். பாறையில் குழி அடித்து, மருந்து கெட்டித்து, வேட்டு வைத்து உடைப்பார்கள். பதினெட்டு வயதில் சேர்ந்தவர். பன்னிரண்டு வருஷ வேட்டுச் சத்தம் அந்தக் காதுக்குள் போயிருந்தது.

திரி கொளுத்துமுன் விசில் ஊதுவார்கள். எல்லோரும் ஓடி ஒதுங்க வேண்டும்.

"விசில் கேக்குதா உங்களுக்கு?" என்றேன்.

"மத்தவங்க ஓடறதைப் பார்த்து ஓடுவேன்."

"குனிஞ்சு ஏதாவது பண்ணிகிட்டு இருந்தா?"

சட்டைக் காலரைத் தடவினார். பிறகு மெதுவாக, "போன மாசம் சட்டை முள்ளுல மாட்டிக் கிழிஞ்சதுன்னு சொன்னேனே. முள்ளு இல்லை. மேஸ்திரி காலரைப் பிடிச்சு இழுத்தாரு" என்றார்.

அந்தச் சட்டையை நான்தான் உட்கார்ந்து தைத்துக் கொடுத்திருந்தேன். படியிலேயே அழுதுவிட்டேன். "நாளையிலருந்து போகாதீங்க" என்றேன்.

"காது கேக்காத சூபர்வைசரை யாரு வச்சுக்குவாங்க? வெளிய தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். பாதி வழி இறங்கியபோது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. "உங்களுக்குப் பன்னண்டு வருஷம். உங்களுக்கு முன்னாடியிலருந்து அங்க நிக்கிறவங்களுக்கு?"

அவர் படியில் நின்றுவிட்டார்.

மறுநாள் குவாரியில் நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். வேலை தொடங்குமுன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பாறைப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். "விசில் கேட்டா கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரியைத் தள்ளி நின்று ஊதச் சொன்னார். புது ஆட்கள் கை உடனே போயிற்று. பழைய ஆட்களில் பாதிப் பேர் சும்மா நின்றார்கள். மாரப்பன் என்று ஒருவர், உளி பிடிப்பதில் கைகாரர். எல்லோரும் திரும்பிச் சிரித்த பிறகும் அவர் மட்டும் பாறையைப் பார்த்தபடி, "ஊதுங்க சார், ஊதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று.

அன்று மத்தியானம் என் கணவர் காண்ட்ராக்டரிடம் போனார். தன் காதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். விசில் வேண்டாம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பெரிய தமுக்கு வேண்டும், சிவப்புக் கொடி வேண்டும், அதுவரை வேட்டு வைக்கமாட்டேன் என்றார். காண்ட்ராக்டர் கத்தினார். இத்தனை வருஷமாக விசில் போதவில்லையா என்றார். இவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மேஸ்திரியும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். மூன்று நாள் குவாரியில் வேட்டுச் சத்தமே இல்லை. நாலாம் நாள் தமுக்கு வந்தது.

இவருடைய வேலை போகவில்லை. சில மாதம் கழித்து, வேட்டு இல்லாத ரோடு அளக்கிற வேலைக்கு மாற்றினார்கள். சம்பளமும் அதுவே. பெங்களூரில் காது டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றார். கடைசிவரை காப்பாற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள்

தமுக்கு வந்ததற்கு அடுத்த ஞாயிறு காலை இவரே ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார். "நீ உட்காரு. நீ சொல்ற இடத்துல வைக்கறேன்" என்றார்.

சின்னப் பெட்டி மறுபடி பெரிய பெட்டியின் தலைமேல் ஏறிற்று. பெரிய பெட்டி மூலையில் ஒட்டியிருந்தபோது உறுமியது. சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி, முகத்தைக் கொஞ்சம் நாற்காலிப் பக்கம் திருப்பியதும் உறுமல் அடங்கிற்று. என் நாற்காலியையும் பின்சுவரிலிருந்து முன்னால் இழுத்துப் போட்டேன். எல்லாம் முடிய அரை மணி நேரம்தான். மூன்று மாதமாகப் போட்ட சாக்பீஸ் கோடுகளை ஈரத்துணி வைத்துத் துடைத்தேன்.

பத்து மணிக்கு திம்மராயப்பா வந்தார். பின்னாலேயே மேஸ்திரியும் மாரப்பனும் இன்னும் நாலைந்து குவாரி ஆட்களும். இவர்தான் கூப்பிட்டிருந்தார். மாரப்பன் உள்ளே வரத் தயங்கி வாசற்படியிலேயே நின்றார். இவர் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

நாகஸ்வர ரெக்கார்டு போட்டேன். ராகி மூட்டைக்கு முன்னால் எல்லோரும் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். திம்மராயப்பா தொடையில் தாளம் போட்டார். மாரப்பன் மட்டும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தபோது தானும் சிரித்தார்.

பிறகு எழுந்து போய்ப் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். வழவழப்பான மரம். கல்லைத் தடவிப் பார்க்கிற பழக்கத்தில் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"சார்," என்றார், ரொம்ப உரக்க. "இங்க கேக்குது சார்! உள்ள யாரோ குதிச்சுகினு இருக்காப்ல இருக்குது!"

தவில் தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தது. இவர் எழுந்து போனார். மாரப்பன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியும் போய் நின்றார். மூன்று பேரும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தால் வண்டியைத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

"ஜால்ரா வருதா யசோ?" என்று இவர் என்னைக் கேட்டார்.

"வருதுங்க. இப்ப மேலருந்து வருது. நல்லா இருக்குது."

"சரி," என்றார். கையை எடுக்கவில்லை.

பாட்டு முடிந்து ரெக்கார்டு சும்மா சுற்ற ஆரம்பித்தது. மாரப்பன் மட்டும் கையை வைத்தபடியே நின்று, "நின்னுபோச்சும்மா, நின்னுபோச்சும்மா" என்றார். நான் போய் ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.